தெரிந்தது எனும் அறை

பியூலா அலுவலகத்துக்குள் நுழைந்து கைப்பையை மேசைமேல் போட்டபோதே குடிநீர் வாரியத்தின் அஞ்சல் வந்து வரிசையில் நின்றிருந்தது. பிரையண்ட் நகருக்கு இன்று தண்ணீர் பத்து மணிக்கு. அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. குடிநீர் வாரியம் என்றால் 'தெரிந்தது' அறை. அந்த விதியை அவளே எழுதி வருஷங்கள் ஆகிவிட்டன. அஞ்சல் வழங்கி தன் பாட்டுக்கு அந்தச் செய்தியைத் தூத்துக்குடியில் உள்ள ஒவ்வொருவரின் காதுக்குப் பின்னாலும் இருக்கும் சில்லில், அதற்குரிய அறையில் கொண்டுபோய் வைத்தது. அந்த நொடியிலேயே குடத்தோடு வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் பத்து மணிக்குத்தான் தண்ணீர் என்பது தெரிந்துபோனது. யாரும் அவர்களிடம் வந்து சொல்லவில்லை. போன வாரமே கேள்விப்பட்டு, நடுவில் மறந்து, இப்போது நினைவுக்கு வந்ததைப் போல இருந்தது, அவ்வளவுதான்.

நேராகத் தலைக்குள் போய்ச் சேரும் இந்த உள்ளஞ்சல் வந்தபிறகு யாரும் எதையும் படிப்பதில்லை. அனுப்பினால் தெரிந்துவிடும். எந்த அறையில் போய் விழுகிறது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம். 'புதியது' அறையில் விழுந்தால் நெஞ்சில் சின்னதாக ஒரு திடுக். 'வேலை' அறையில் விழுந்தால் உடனே எழுந்து முடித்துவிட வேண்டும் என்று ஒரு பரபரப்பு. 'வீடு' அறையில் விழுந்தால் பெற்றவள் சொன்னதுபோல ஒரு நெருக்கம். ஆரம்பத்தில் இந்த மூன்று அறைகள்தான் இருந்தன. மின்கட்டணமும் தள்ளுபடி விற்பனையும்கூட 'புதியது' அறையில் விழுந்து, நாள் முழுக்க மக்களுக்கு நெஞ்சு படபடத்தது. டாக்டர்கள் கத்திய பிறகு நான்காவது அறை ஒன்றைக் கட்டினார்கள். அதில் விழுவது எந்தச் சலனமும் இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பெயரே 'தெரிந்தது'. பேருந்து நேரம், தண்ணீர் நேரம், வங்கி விடுமுறை இந்த மாதிரி உப்புச் சப்பில்லாத விஷயங்களுக்கு மட்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள். எழுதியதை யார் படித்தார்கள்? சில்லு பொருத்திக்கொள்ளும்போது "என் பெட்டியில் எந்த அறையிலும் வழங்கி எழுதலாம்" என்ற வரிக்குக் கீழே 'சம்மதம்' என்பதை அழுத்திவிட்டு வந்தவர்கள்தானே நாம் எல்லோரும்!

பியூலாவின் வேலை அஞ்சல்களுக்கு வழி போடுவது. வழங்கி இருப்பது இங்கே, குளிரூட்டிய கட்டடத்தில். பெட்டிகள் இருப்பது ஊரார் தலைகளில். யார் அனுப்பினால் எந்தப் பெட்டியில் எந்த அறைக்குப் போக வேண்டும், நடுவில் எந்தச் சல்லடையில் சலித்து எடுக்க வேண்டும் என்பதை அவள் வரி வரியாக எழுதுவாள். வேலை சுத்தமாக இருக்கும். அவள் எழுதிய விதியில் ஓர் அஞ்சல் அறை மாறி விழுந்ததாகத் தென்கரை அஞ்சல் நிலையத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மேலாளர் மகராசன் தேநீர்க் கோப்பையோடு வந்து அவள் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டார். மெதுவாகப் பேசும் மனிதர். யாரையும் அதட்டமாட்டார், ஆகவே அவர் சொல்வதை யாரும் மறுப்பதுமில்லை.

"நீலமடி கம்பெனியிலருந்து ஒரு வேலை வந்திருக்கு பியூலா. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும். அவங்க நலப்பிரிவு அனுப்புற செய்தியெல்லாம் 'தெரிந்தது' அறைக்குப் போகணும். பெறுநர் பட்டியல் அவங்களே கொடுத்துட்டாங்க. சல்லடையும் அவங்களே எழுதித் தந்திருக்காங்க, நாம மாட்டிவிட்டாப் போதும்."

நீலமடி என்றால் இந்தக் கடற்கரைக்கே சோறு போடும் நிறுவனம் என்று அதன் விளம்பரம் சொல்லும். கடலின் அடிமட்டத்தில் உலோகக் கட்டிகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். வேம்பாற்றிலிருந்து மணப்பாடு வரைக்கும் ஒவ்வொரு தெருவிலும் கடலடியில் இருக்கும் ஆழ்நிலையத்துக்குப் போன ஆள் ஒருத்தராவது இருப்பார். மீன் இருந்தவரைக்கும் மேலே வலை வீசியவர்கள், மீன் போனபிறகு கீழே இறங்கிவிட்டார்கள்.

"என்ன மாதிரி செய்தி சார்? சல்லடை பூட்டி வந்திருக்கே, உள்ள என்ன சொல்லெல்லாம் இருக்குன்னு பாக்க முடியல."

"ஷிஃப்ட் மாத்தம், லீவு மாத்தம்... அதெல்லாம் நமக்கெதுக்கு? கடுதாசியப் பிரிச்சுப் பாக்கிற போஸ்ட்மேன் உண்டா?"

அதுவும் சரிதான் என்று பியூலா உட்கார்ந்து எழுதினாள். பட்டியலை ஓட்டிப் பார்த்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. பழைய சில்லு வைத்திருக்கும் சிலரது பெட்டியில் நான்காவது அறையே கிடையாது. அறை இல்லையென்றால் அஞ்சல் 'புதியது' அறையில்தான் போய் விழும். வழங்கியின் இயல்பு அது. நிறுவனம் அதைப்பற்றி ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனால் அரைகுறையாக வேலை செய்தால் பியூலாவுக்குச் சாப்பாடு இறங்காது. 'அறை இல்லாத பெட்டியில் அறையைக் கட்டிவிட்டுப் பிறகு வை' என்று ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்த்தாள். சோதனைப் பெட்டிக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தாள். அழகாகப் போய் உட்கார்ந்தது. மகராசன், "உங்க கை கைதாங்க," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீடு திரும்பியவள் மாடிக்கு ஏறாமல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே சந்தனமாரி குடியிருக்கிறாள். பியூலாவைவிடச் சிறியவள். அவள் புருஷன் சுயம்பு ஆழ்நிலையத்தில் வேலை. நிலையத்திலிருந்து கரைக்கு வரும்போதெல்லாம் பியூலா வீட்டு மோட்டாரைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்துவிட்டு, "அக்கா, இத வித்துட்டு வாளி வாங்கி வச்சுக்கோங்க," என்று கேலி செய்துவிட்டுப் போகிறவன். மாரி வீட்டுக் குழம்பும் பியூலா வீட்டு ரொட்டியும் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

மாரி அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. அவியலா குழம்பான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். ஒங்களுக்கு எது வேணும்?"

"எதுன்னாலும் சரி. சுயம்புத் தம்பி பேசுச்சா இந்த வாரம்? எப்ப மேல வருதாம்?"

"அவிய போயிட்டாவல்லாக்கா," என்றாள் மாரி. "குழம்பே வைக்கேன். இது புதுப்புளி, கொஞ்சமாப் போட்டாலே புளிப்பு தூக்குது."

"எங்க போயிருக்கு?"

"செத்துப்போயிட்டாவக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?"

பியூலாவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. தக்காளி விலை ஏறியதைச் சொன்னவள் முகம்போல இருந்தது. கைபாட்டுக்கு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது.

"மாரி, என்ன சொல்லுத? எப்ப?"

"எப்பவா..." மாரியின் கை நின்றது. "ஞாயித்துக்கெழம பேசினாவ. கோயில் கொடைக்கு வந்துருவேன், எனக்கு வேட்டி எடுத்து வைன்னாவ. அதுக்கப்புறம்..." அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "தெரியலக்கா. ரொம்ப நாளாத் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு."

"யார் வந்து சொன்னா?"

"யாரும் வரலியே."

"துட்டி கேக்க யாராவது வந்தாவளா? ஒன் மாமியா வீட்டுல, ஒன் அண்ணன்?"

"யாரு வருவாக்கா? எல்லாருக்கும் தெரியும்லா. மதுரையில எம்பிள்ளைக்கும் தெரியும். இப்பதான் பேசினா, அவ ஹாஸ்டல் சாப்பாடு பத்திப் பேசிட்டு வச்சிட்டா."

நீலமடியின் பட்டியலில் பியூலா கிடையாது. அவள் வெறும் மாடிவீட்டுக்காரி. ஆகவே அந்தச் செய்தி அவளுக்கு, மனுஷனுக்குச் சாவுச் செய்தி எப்படி வர வேண்டுமோ அப்படி வந்தது. அடுப்படி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. மாரி பதறிப்போய் மீன் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். பியூலாவின் தோளைப் பிடித்து, முதுகைத் தடவி, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"ஏக்கா, என்ன இது சின்னப்பிள்ள மாதிரி? அழாதிய. நான் இருக்கேன்லா. இருங்க, ஒரு வாய் காப்பி போடுதேன்."

புருஷனைப் பறிகொடுத்தவள், அக்கம்பக்கத்துக்காரிக்கு ஆறுதல் சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? பியூலா அந்தக் காப்பியைக் குடிக்கவும் செய்தாள். குடிக்கும்போதுதான் மாரியின் காதுக்குப் பின்னால் இருந்த சில்லு அவள் கண்ணில் பட்டது. கனமான, கறுத்த, பழைய சில்லு. மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பியூலாவே எத்தனையோ தடவை நச்சரித்திருக்கிறாள். அந்தச் சில்லில் நான்காவது அறை கிடையாது. காலையில் அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் இருந்திருந்தால் செய்தி 'புதியது' அறையில் விழுந்திருக்கும். மாரி தெருவே கூடும்படி அலறியிருப்பாள். அந்த அலறலுக்குப் போடவேண்டிய தாழ்ப்பாளைத் தன் கையாலேயே, யாரும் கேட்காமலேயே போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று உறைத்தபோது பியூலா மிச்சக் காப்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் அவள் அலுவலகம் போனதும் வேறு எதையும் தொடவில்லை. நீலமடியின் அஞ்சல்களைத் திறந்தாள். அது குற்றம், வேலை போகும். திறந்தாள். திரையில் பார்க்கும்போது எல்லாம் ஒரே அச்சு. 'பணியாளர் சுயம்பு, ஆழ்நிலையம் மூன்று, மறைந்தார். உடல் பின்னர் ஒப்படைக்கப்படும்.' பெயர்தான் மாறியது. பணியாளர் அந்தோணிமிக்கேல். பணியாளர் இசக்கிபாண்டி. பணியாளர் ரொசாரியோ. ஒரு நிலையத்தில் இருந்த அத்தனை பேரும். பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் வரைக்கும் பெறுநர் பட்டியல் போயிருந்தது. ஒரு சொந்தக்காரர்கூட மிச்சமில்லாமல் யாரோ பொறுமையாக உட்கார்ந்து சேர்த்திருந்தார்கள்.

அவள் பட்டியலை எடுத்துக்கொண்டு மகராசன் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள்.

"ஒரு நிலையமே போயிருக்கு சார். நீங்க ஷிஃப்ட் மாத்தம்னு சொன்னிங்க."

மகராசன் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"எனக்கும் நேத்து சாயந்தரம்தான் சொன்னாங்க," என்றார் அவர். "பியூலா, கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. பல்லு பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுறாங்கள்ல? வலி எதுக்கு, தேவையில்லாத வலி? போனவங்க போயாச்சு. இருக்கிறவங்க இன்னைக்கு நிம்மதியா சாப்பிட்டுத் தூங்குறாங்க. நல்லதுதானே."

"பல்லுக்கு ஊசி போடுறது சரி சார். மரத்துப்போக ஊசி போட்டுட்டு ஆளுக்குத் தெரியாம கிட்னிய எடுத்தா அதுக்குப் பேரு வைத்தியமா? அழுதா கூட்டம் கூடும், கூட்டம் கூடினா வாசல்ல வந்து நிப்பாங்க, விசாரணை வைன்னு கேப்பாங்க. அதுக்குப் பயந்துதானே இது? இவனுங்க தூக்கம் கெடக்கூடாதுன்னு ஊரையே தூங்கவச்சிருக்கானுங்க."

"சத்தம் போடாதீங்க."

"நான் போடாம யாரு போடுவா? போடவேண்டியவளுக்குச் சத்தமே வரலியே சார்! எனக்குக் காப்பி போட்டுக் குடுக்கா!"

மகராசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

"நம்ம ஆளுங்க என்னைக்கு சாவுச் செய்திய நேராச் சொல்லியிருக்காங்க, சொல்லுங்க? எங்கப்பா போனப்ப நான் ஓசூர்ல இருந்தேன். இந்தச் சில்லெல்லாம் கிடையாது, போன்தான். எங்க மாமா என்ன சொன்னாரு? 'அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே பொறப்பட்டு வா'ன்னாரு. அவ்வளவுதான். செத்துட்டாருன்னு சொல்லலையே. பஸ்ல வரும்போது எனக்கே புரிஞ்சுபோச்சு. கோயில்பட்டி தாண்டுறதுக்குள்ள அழுது முடிச்சிட்டேன். அந்த மாதிரி ஒரு கரிசனம்னு நினைச்சுக்கோங்க இதையும்."

பியூலா அவரையே பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் தலைக்குள் ஏதோ ஒன்று தெளிந்துகொண்டு வந்தது.

"உங்க மாமா சொன்னது ஆளை வரவைக்கச் சொன்ன பொய் சார். நீங்க கிளம்பி வரணும், வழியில அழணும், வந்து முகத்தப் பாக்கணும்னு சொன்ன பொய். இது யாரும் வந்துரக்கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க."

மகராசனின் மேசையில் தொலைபேசி ஒலித்தது. நீலமடிதான். அவர் எடுத்து, "வணக்கம் சார்," என்று முதுகை வளைத்தபோது பியூலா வெளியே வந்துவிட்டாள்.

தன் இருக்கையில் உட்கார்ந்து முதலில் அவள் நேர்வழியைத்தான் முயன்று பார்த்தாள். அதே செய்தியை 'புதியது' அறைக்குத் திருப்பிவிட்டாள். சோதனைப் பெட்டியில் அது போய் விழுந்தது 'தெரிந்தது' அறையில். பூட்டி வந்த சல்லடையின் வேலை அது. வார்த்தையை மாற்றி மாற்றி அனுப்பினாள். மரணம், காலமானார், இயற்கை எய்தினார், சிவலோக பதவி, கர்த்தருக்குள் நித்திரை. சாவைச் சொல்லத் தமிழில் எத்தனை மரியாதைகள் உண்டோ அத்தனையையும் சல்லடை பிடித்து அடியில் தள்ளியது. விபத்து, கண்ணீர், இரங்கல் எல்லாம் அதே கதிதான். யார் அனுப்பினாலும், இந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு இனி அந்தச் செய்தி சலனமில்லாமல்தான் போய்ச் சேரும். வாயால் போய்ச் சொல்லலாம் என்றால் அதுவும் ஆகாது. மாரியிடம் எத்தனை தடவை சொன்னாலும் "தெரியும்லா" என்பாள். தெரிந்ததை மறுபடியும் எப்படித் தெரியவைப்பது?

மகராசன் பேருந்தில் அழுதுகொண்டு வந்தது அவள் கண்ணில் வந்து நின்றது. அந்த மனுஷனுக்கு அப்பா செத்த சேதியை யாரும் கடைசிவரை சொல்லவேயில்லை. புறப்படு என்று மட்டும் சொன்னார்கள். மிச்சத்தை அவர் வழியில்தான் அறிந்துகொண்டார். ஓசூருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்த நீண்ட வழி இல்லையென்றால் அவருக்கும் அது ஒரு தகவலாகத்தான் போயிருக்கும். இவர்கள் மாரியிடமிருந்து பிடுங்கிக்கொண்டது அந்த வழியைத்தான்.

பியூலா எழுதத் தொடங்கினாள். அனுப்புநர் தென்கரை அஞ்சல் நிலையம். பெறுநர் நீலமடி கொடுத்த அதே பட்டியல், ஒரு சித்தப்பாவையும் விடாமல். அறை 'புதியது'. பெயரை மட்டும் வழங்கியே குடும்பத்துக்குத் தகுந்தபடி நிரப்பிக்கொள்ளட்டும் என்று இடம் விட்டாள். 'சுயம்புவுக்கு ரொம்ப முடியல. உடனே பொறப்பட்டு வாங்க. நீலமடி வாசல்.' சோதனைப் பெட்டிக்கு அனுப்பிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சல்லடை அதை முகர்ந்து பார்த்தது. உடல்நலச் செய்தி என்று முத்திரை குத்தி, 'புதியது' அறைக்கு வழிவிட்டது. அந்த அறையில் விழும் திடுக்குக்கு முன்னால், சலனமில்லாமல் கிடக்கும் பழைய சேதி மங்கிப்போகும். அந்தச் சல்லடையை எழுதியவனுக்கு இப்படி ஒரு செய்தி வந்து அவன் எங்கேயும் புறப்பட்டதில்லை போலும். பியூலா கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு பட்டியல் முழுமைக்கும் அனுப்பினாள்.

மகராசன் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவள் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் திரையைப் பார்த்தார். வாய்க்குள்ளேயே படித்தார்.

"என்ன செஞ்சிருக்கீங்க தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படித்தார். அவருக்கு அது என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தொலைபேசி மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"பஸ்ஸுக்கு நிக்காதீங்க," என்றார், அவளை நிமிர்ந்து பார்க்காமல். "ஆட்டோ புடிச்சுப் போங்க."

துறைமுகச் சாலையில் நீலமடியின் பெரிய இரும்பு வாசலுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது முதல் ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் சவரம் பாதியில் நிற்க, முகத்தின் ஒரு பக்கம் நுரையோடு நின்றார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு டீச்சரின் விரல்களில் மார்க்கர் மை. ஒரு பெரியவர் ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டிருந்தார், அது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. சில பேர் வரும் வழியிலேயே அழுது முடித்த முகத்தோடு இறங்கினார்கள். சிலருக்கு இறங்கும்போதுதான் உடைந்தது. நேற்று மத்தியானம் முதல் எல்லாம் தெரிந்து, ஒன்றும் ஆகாமல் நடமாடிய சனம் இது. ஒவ்வொரு வண்டியாக வந்து நின்றது, ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஓர் அழுகுரல் இறங்கியது. வாசலில் நின்ற காவலர் எதற்கோ கையை உயர்த்திவிட்டு, யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் மறுபடி தொங்கவிட்டார்.

சந்தனமாரி ஆட்டோ நிற்பதற்குள் குதித்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. பியூலாவைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! அவிய எங்க? உள்ளயா வச்சிருக்காவ? டாக்டர் பாக்காவளா? வர்ற வழியெல்லாம் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்கக்கா."

தன்னால் இதைச் செய்ய முடியுமா என்று பியூலாவுக்கு அந்தக் கணத்தில் சந்தேகம் வந்தது. நேற்று மீன் ஆய்ந்துகொண்டிருந்த முகம் இது இல்லை. இதைத் தாங்குவாளா? நிம்மதியாகத்தானே இருந்தாள்? அப்புறம் அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, மாரியின் கன்னங்களை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, வாயால் சொன்னாள்.

"மாரி. சுயம்பு செத்துப்போச்சு."

மாரியின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. தெரியும் என்று சொல்ல வந்தாள். சொல் வரவில்லை. அதற்குப் பதில் வந்த சத்தத்தைப் பியூலா எந்த உயிரிடமிருந்தும் கேட்டதில்லை. மாரி மடங்கிச் சரிந்தாள். சாலையின் புழுதியை இரண்டு கையாலும் அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம பேசினிகளே! வேட்டி எடுத்து வைன்னு சொன்னிகளே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அவளைப் பிடிக்கப் போன பெண்களும் அவளோடு சேர்ந்து அழுதார்கள். எல்லாருக்கும் சொல்ல ஒரு பெயர் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாரி தலையைத் தூக்கினாள்.

"நேத்தே தெரிஞ்சதுக்கா எனக்கு. கல்லு மாதிரி இருந்தனே. மீன் குழம்பு வச்சுத் தின்னனே! என்னய என்ன செஞ்சாவ?"

"நான்தான் செஞ்சேன்," என்றாள் பியூலா. "கம்பெனிக்காரன் கேட்டான், நான் வழி போட்டுக் குடுத்தேன். ஒன் சில்லுல அந்த அறை கிடையாது. நான்தான் கட்டினேன்."

மாரி அவளைப் பார்த்தாள். முழுசாகப் புரியவில்லை, ஆனால் வேண்டிய அளவுக்குப் புரிந்தது. எழுந்து நின்று ஓங்கி ஓர் அறை விட்டாள். பியூலாவின் காதுக்குள் ரீங்காரம் கேட்டது. அவள் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேற்று அந்த அடுப்படியில் முதுகைத் தடவிக் கொடுத்த கையைவிட இந்தக் கை அவளுக்கு ஆயிரம் மடங்கு மேலாக இருந்தது. மாரி அந்தக் கையாலேயே பியூலாவின் மணிக்கட்டைப் பிடித்து, விடாமல், தன்னோடு இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். அழுகை நின்றுபோயிருந்தது. முகம் சிவந்து, மூக்கு விடைத்து, அவள் வேறு ஆளாக இருந்தாள்.

"ஏய்யா, இங்க வாங்க," என்று காவலரைக் கூப்பிட்டாள். "எங்க வீட்டுக்காரவிய எப்படிச் செத்தாவ?"

காவலர் விழித்தார். நேற்றிலிருந்து இந்தக் கரையில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது. தெரிந்துவிட்டவர்கள் கேட்கமாட்டார்கள் என்று நம்பித்தான் உள்ளே இருந்தவர்கள் இத்தனையும் செய்திருந்தார்கள். கூட்டத்தில் அழுகை மெல்ல அடங்கியது. சவர நுரைக்காரர் முன்னால் வந்தார். "எம்மவன் எப்படிச் செத்தான்?" என்றார். டீச்சர் தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். ஒற்றைச் செருப்புப் பெரியவர் கம்பியைப் பிடித்து உலுக்கினார். "எப்படி?" "எப்படியா?" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தபடியே இருந்தன.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றார் காவலர்.

"தெரிஞ்சவன வரச்சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு மாரி வாசலை மறித்துத் தரையில் உட்கார்ந்தாள். பியூலாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.